வெண்டைக்கொம்பு மடை

பிரபுவின் பெயர் விண்டர்கோம்ப்.
சோழவந்தான் வாயில் அது வெண்டைக்கொம்பு ஆயிற்று.
மதுரைக் கோட்டையிலிருந்த ஏஜெண்டு துரை
முதலில் முறைத்தார், பிறகு சிரித்தார்,
கடைசியில் குடித்திருக்கும்போது அவரும் அப்படியே சொன்னார்.

நான் கணக்கு ஒப்பிலாமணி.
பிரபுவைப் பார்த்ததில்லை.
அவர் செலவைப் பார்த்திருக்கிறேன்.
ஓர் ஆளை அறிய அது போதாதென்பவன்
கணக்கு எழுதாதவன்.

நவாபு வாங்கிய கடன்
கை மாறி, கப்பல் மாறி
அவர் மேசைக்குப் போயிருந்தது.
ஈடு: தென்கரை நெல், கொடிக்கால் வெற்றிலை.
வட்டி நூற்றுக்கு இருபது.
பத்திரத்தை வாசித்துக் காட்டியபோது
கொடிக்கால் சேகப்பா ராவுத்தர்
"நான் வாங்கலியே" என்றார்.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

சுபகிருது வருஷம்.
இங்கே கிழங்கு தோண்டித் தின்றார்கள்.
அங்கே தேர்தல்.
பிரபுவுக்குப் பிறப்பிலேயே மேல்சபை.
தம்பிக்குக் கீழ்சபை வேண்டியிருந்தது.
அந்த ஊரில் கைதூக்கும் உரிமை முப்பத்தொரு பேருக்கு.
ஆளுக்கொரு பீப்பாய், ஒரு கம்பளிக் கோட்டு,
மடித்த காகிதத்துக்குள் கொஞ்சம் பொன்.
பதினேழு கைகள் தூக்கின.
வகுத்துப் பார்த்தேன்:
கை ஒன்றுக்கு நூற்று நாற்பது கலம்.
அத்தனை கனத்தை எப்படித் தூக்கினார்களோ.

மறுவருஷம் சபையில் எழுந்து
மூன்று மணி நேரம் பேசினாராம்.
எங்களைப் பற்றி.
கர்நாடகத்துக் குடியானவனின் பட்டினியைச் சொல்லும்போது
குரல் உடைந்து உட்கார்ந்துவிட்டாராம்.
ஏஜெண்டு நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.
அதே பையில் இன்னொரு கடுதாசி.
இரண்டு வருஷ நிலுவை, வட்டிக்கு வட்டியோடு,
தை பிறக்குமுன்.
கையெழுத்து ஒன்று. மையும் ஒன்று.
இரண்டிலும் பொய் இல்லை.
அன்றிரவு எனக்குத் தூக்கம் வராததற்கு
அதுதான் காரணம்.

ஒருமுறை கண்மாயின் படம் கேட்டார்.
தெற்குவாசல் சித்திரக்காரனைக் கூட்டிப்போனேன்.
கரை, பனை, நாரை, மடையின் இரண்டு கல்தூண்,
எல்லாம் எழுதிக் கொடுத்தான்.
பிரபு மாளிகை முன்னால் ஏரி வெட்டினார்.
இருநூறு ஆள், இரண்டு கோடை.
பார்வையை மறைத்த இருபது குடிசைகளை
மேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினார்.
(அவர்கள் பெயரும் எவனோ ஒரு கணக்கன் ஏட்டில் இருக்கும்.)
மடை மட்டும் வைக்கவில்லை.
தூண் கண்ணை உறுத்துகிறதாம்.
"பின்னே அந்தத் தண்ணீர் எதுக்கு துரை?"
"பார்க்கத்தான்."

கீலக வருஷம், கால் வீங்கிச் செத்தார்.
சேதி வர ஏழு மாதம்.
ஏழு மாதம் ஒரு பிணத்துக்கு வட்டி கட்டியிருக்கிறோம்.

துக்கச் செலவு எழுதச் சொன்னார் ஏஜெண்டு.
கறுப்புத் துணி. மெழுகுவத்தி.
கோட்டை மேல் மூன்று வெடி.
எழுதினேன்.
அடியில் இன்னொரு வரி சேர்த்தேன்:
பிரபு ஆத்துமத்துக்குத் தருமம், வராகன் பதினெட்டு.
அவர் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார்,
வாசிக்கவில்லை.

கல்தச்சர் மூன்று பேர், சுண்ணாம்பு, தேக்குப் பலகை ஒன்று.
தென்கரைக் கண்மாயின் நடுமடை
நாலு வருஷமாக வைக்கோலும் களிமண்ணும்
அடைத்துக் கிடந்தது.
ஐப்பசியில் பலகையைத் தூக்கினோம்.
"யார் உபயம்?" என்றார் ராவுத்தர்.
"வெண்டைக்கொம்பு துரை."
"நல்ல மனுசன் போல" என்றார்.
நான் மறுக்கவில்லை.
தண்ணீர் அதற்குள் மூன்றாம் வயலுக்குப் போய்விட்டது.

இப்போது மகன் எழுதியிருக்கிறார்,
சின்னச் சின்ன எழுத்தில்.
மூன்று வெடியைப் பற்றிக் கேட்கவில்லை.
வராகன் பதினெட்டு எந்த வகை என்று
கீழே கோடு போட்டுக் கேட்டிருக்கிறார்.

எழுத்தாணியைத் தீட்டி வைத்திருக்கிறேன்.
அடுத்த கப்பலுக்கு
இன்னும் இருபது நாள் இருக்கிறது.